துக்க வீட்டுக்கு எந்தத் துணி?

துக்க வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற துணியை, திரும்பி வந்து குளிக்கிற இடத்தை நினைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. எங்கள் பக்கம் சாவுக்குப் போய்விட்டு வந்தவர் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியிலோ குழாயடியிலோ தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடுத்தியதை அப்படியே வாளியில் முக்கி வைத்துவிட்டுத்தான் படியேறுவார். அடுக்குமாடி வீடுகளில் இந்த வழக்கம் குளியலறைக்கு மாறியிருக்கிறது. “கதவைத் திறந்து வை, வந்துட்டே இருக்கேன்” என்று முன்னாலேயே போன் வரும். எதையும் தொடாமல் நேரே குளிக்கப் போவார்கள். தீட்டு என்று நம்புகிறவரும் குளிக்கிறார். நாள் முழுக்க வெயிலிலும் கூட்டத்திலும் நின்ற உடம்பு, தண்ணீர் பட்டால்தான் அடங்கும் என்று நினைக்கிறவரும் குளிக்கிறார். எப்படியும் அன்று உடுத்தியது அன்றே தண்ணீருக்குள் போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டும் ஜரிகையும், கடையில் கொடுத்து உலர்சலவை செய்ய வேண்டிய துணிகளும் தாமாகவே ஒதுங்கிவிடும். சாயம் போகிற புதுச் சுங்குடியும் வேண்டாம்; அதே வாளியில் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியும் ஊறப்போகிறது. பல தடவை துவைத்து இளகிய பருத்தித் துணிதான் இந்த நாளுக்கு ஏற்றது. பெண்களுக்கு ஒரு பழைய வாயில் சேலையோ, கஞ்சி போடாத கைத்தறிச் சேலையோ போதும். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, வெளிர் நிறத்தில் ஒரு பருத்திச் சட்டை, தோளில் ஒரு துண்டு.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் வேறு. மதுரை, சிவகங்கைப் பக்கம் கேதம் என்பார்கள். நெல்லையில் துட்டி. யாழ்ப்பாணத்தில் செத்தவீடு. பேர் மாறினாலும், போய்ச் சேர்ந்தவர்களின் உடம்புக்கு அங்கே இருக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: தரையில் உட்கார வேண்டும், கட்டிக்கொண்டு அழுகிறவரைத் தாங்க வேண்டும், ஆண்களானால் சுடுகாடு வரை நடக்க வேண்டும். அந்த வேலைக்குத் தோதான உடையைத்தான் தேடுகிறோம். நிறத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். பலர் நிறத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் தரை. பந்தல் போட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தாலும், பெண்கள் உட்காருவது பெரும்பாலும் உள்ளே, குளிர்பெட்டியைச் சுற்றி, பாயிலோ வெறும் தரையிலோதான். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். இறுக்கமான ஜீன்ஸிலும் முட்டிக்கு மேலே ஏறுகிற குர்த்தாவிலும் அது முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கஞ்சி போட்டு மொடமொடக்கிற சேலையும் தரையில் அடங்காது. சேலை பழகாத பெண்கள் தளர்வான சுடிதாரும், அகலமான துப்பட்டாவும் போட்டுக்கொண்டு போகலாம். இன்றைக்குச் சிற்றூரிலும் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. துப்பட்டா மட்டும் வேண்டும். மடியில் விரித்துக்கொள்ள, கண்ணைத் துடைக்க, வெயிலில் தலையில் போட்டுக்கொள்ள அது ஒன்றுதான் உதவும்.

அடுத்தது கட்டிக்கொள்வது. நம் துக்க வீடுகளில் கைகொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற பழக்கம் கிடையாது. ஒரு பெண் வாசலில் கால் வைத்ததும் உள்ளே குரல் எழும். இருப்பவள் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “வந்தியாக்கா, பாருக்கா” என்று அழுவாள். அந்த நேரத்தில் அவள் முகம் படுகிற துணி எதுவென்று வந்தவர் யோசித்திருக்க வேண்டும். என் அப்பா இறந்த அன்று யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை முகம் கழுவும்போது இடது கன்னம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் மூன்று கோடுகள். யாருடைய ரவிக்கையிலோ இருந்த கல் வேலைப்பாடு கிழித்திருக்கிறது. யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைத் தேற்றத்தான் அவர் ஓடி வந்தார். அதே நாளில் எதிர்வீட்டு அக்கா ஒரு பழைய நீலப்பூ வாயில் சேலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அவர் தோள் முழுக்க என் கண்ணீரும் மூக்குச்சளியும். சேலை அத்தனையையும் வாங்கிக்கொண்டது. அவர் ஒரு தடவைகூடத் துடைத்துவிட்டுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து நான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல், மணி, கண்ணாடி, ஆரி வேலை எதுவும் தோளிலும் மார்பிலும் இருக்கக் கூடாது. முந்தானையைப் பின் குத்தினால் ஊசியின் பக்கம் உள்ளே போகும்படி குத்த வேண்டும். நீளச் சங்கிலியும் தொங்கட்டானும் ஜிமிக்கியும் அடுத்தவர் கூந்தலில் மாட்டும். கண்ணாடி வளையல் கட்டிக்கொள்கிற வேகத்தில் உடைந்து இரண்டு பேர் கையையும் வெட்டும். காதில் ஒரு சின்னத் தோடு, கழுத்தில் எப்போதும் போடுவது, அதையும் சேலைக்குள் விட்டுக்கொள்வது, அவ்வளவு போதும். கொலுசைக் கழற்றி வைத்துவிடலாம்; மூச்சுக்கூடக் கேட்கிற அறையில் அந்தச் சத்தம் சங்கடப்படுத்தும். பூ வைத்துக்கொள்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வாசனைத் தைலமும் அதே கணக்குதான். ஊதுபத்தியும் சாம்பிராணியும் மாலையும் நிறைந்த மூடிய அறையில் அதுவும் சேர்ந்தால் தலை சுற்றும்.

ஆண்களுக்கு நடையும் நெருப்பும் முக்கியம். வேட்டியில் நாலு முழம் ஏறத்தாழ 2 மீட்டர், எட்டு முழம் அதைப்போல இரண்டு மடங்கு. மேடைக்கும் கல்யாணத்துக்கும் எட்டு முழம் நன்றாக இருக்கும். பாடைக்குத் தோள் கொடுக்கவும், மேடுபள்ளத்தில் நடக்கவும், குளத்தில் இறங்கி முழுகவும் நாலு முழம்தான் சௌகரியம். மடித்துக் கட்டினால் கால் தட்டாது. வேட்டி கட்டிப் பழகாத பிள்ளைகள் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வகையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாதி வழியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். பேன்ட்தான் வசதி என்றால் பருத்தி பேன்ட், வெளிர்ச் சட்டை. பனியன் சட்டையில் எழுத்து இருந்தால் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கட்சிக் கரை வேட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: இறந்தவர் கட்சிக்காரராக இருந்து, கட்சியின் மரியாதையைச் செலுத்தப் போகிறீர்கள் என்றால் அதற்கு இடம் உண்டு. மற்றபடி, அந்தக் கரையைப் பார்த்ததும் பந்தலில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

துண்டை மட்டும் மறக்க வேண்டாம். ஈரிழைத் துண்டு ஒன்று அன்றைக்குச் செய்கிற வேலைகளை எண்ணி முடியாது. வெயிலுக்குத் தலையில், பாடை தூக்கும்போது தோளில் சும்மாடு மாதிரி, உடலுக்கு முன் நிற்கையில் இடுப்பில், குளித்தபின் துவட்ட, ஈரவேட்டியை மாற்றக் கட்டிக்கொள்ள. பங்காளி என்றால் இரண்டு துண்டும் ஒரு மாற்று வேட்டியும் பையில் இருக்கட்டும். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகிற இடங்களில் பங்காளிகள் குளித்து ஈரத்துணியோடு வர வேண்டியிருக்கும். கொள்ளி வைக்கிற மகன் பல சாதிகளில் சட்டை இல்லாமல் வேட்டியோடுதான் நிற்பார். அந்த வேட்டியை வீட்டுப் பெரியவர்களே எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால் அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

நெருப்பென்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாலியெஸ்டர், நைலான் துணிகளில் பொறி பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் பற்றும், ஆனால் உருகி ஒட்டாது. சிதைக்கு அருகே நிற்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். இதைவிட எனக்குக் கவலை தருவது குழந்தைகள். தாத்தாவோ பாட்டியோ இறந்தால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. குச்சி நுனியில் நெய்யில் நனைத்த துணி எரியும். அவசரத்தில் பிறந்தநாளுக்கு எடுத்த வலை வைத்த கவுனைப் பெண் குழந்தைக்கு மாட்டிவிட்டு அழைத்து வருகிறார்கள். வலையும் அடுக்குக் கொசுவமுமாக அந்தக் கவுன் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதை யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு பருத்திச் சட்டை, அரைப்பாவாடை அல்லது டிரவுசர், தலைமுடி இறுக்கிப் பின்னியிருப்பது, பக்கத்தில் ஒரு பெரியவர். குழந்தைகளுக்கு நிறமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர்களை வெள்ளையில் நிறுத்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை.

இனி நிறம். நம் பக்கத்து இந்து வீடுகளில் ஆண்களுக்கு வெள்ளை, பெண்களுக்கு மங்கலாக எந்த நிறமும் என்பதே நடைமுறை. சாம்பல், வெளிர் நீலம், பழுப்பு, கத்தரிப்பூ, மண் நிறம். சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்ற பச்சையும் கல்யாணத்தோடும் மங்கலத்தோடும் சேர்ந்தவை என்பதால் தவிர்க்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றும். கணவர் இருக்க இறந்துபோகிற பெண்ணைப் பல வீடுகளில் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பூச்சூட்டி, கூறைப்புடவையோ பட்டோ கட்டித்தான் வழியனுப்புகிறார்கள். அன்று அந்த வீட்டில் பட்டு அவளுக்கு மட்டுமே உரியது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவைப் பச்சைச் சேலையிலும், 2018 ஆகஸ்டில் கருணாநிதியை மஞ்சள் துண்டோடும் கிடத்தியிருந்ததைத் தமிழகமே பார்த்தது. வாழ்நாளெல்லாம் ஒருவர் எதில் அறியப்பட்டாரோ அந்த நிறம் அவர் மேல் இருக்கும். சுற்றி நிற்கிறவர்களின் நிறங்கள் அடங்கியிருந்தால்தான் அது துலங்கும்.

வெள்ளைச் சேலையைப் பற்றிப் பெண்கள் தயங்கிக் கேட்பதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வெள்ளையோ வெளிர்ச் சேலையோ கட்டிப் போவது இயல்பு. இலங்கைத் தமிழரிடையே ஆணும் பெண்ணும் வெள்ளையில்தான் வருவார்கள். தெருவிலும் வெள்ளைக்கொடி கட்டியிருக்கும். மற்ற மாவட்டங்களில் முழு வெள்ளைச் சேலை கைம்பெண் கோலத்தை நினைவூட்டும் என்று சில வீட்டு முதியவர்கள் முகம் சுளிக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் சின்னப் பூப்போட்ட வெளிர்ச் சேலை சிக்கலைத் தீர்த்துவிடும்.

கறுப்பு நம் சாவுச் சடங்குகளில் இருந்து வந்ததில்லை. ஐரோப்பியர் வழக்கம் அது. 1861ல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின், 1901ல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் விக்டோரியா மகாராணி கறுப்பே உடுத்தியிருந்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயரிடம் அது கடுமையான ஒழுங்காக வேரூன்றியது. தேவாலயங்கள் வழியாகவும் பின்னர் சினிமா வழியாகவும் இங்கே வந்தது. சென்னை போன்ற நகரங்களில் கறுப்பில் வருகிறவர்களை இப்போது யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்கு வேறு பொருள்கள் முன்பே இருக்கின்றன. திராவிடர் கழகத்தாருக்கு அது கொள்கை உடை. சடங்கில்லாமல் நடக்கிற அவர்கள் வீட்டுச் சாவில் அதை நிறையப் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி கட்டியிருப்பவர் ஐயப்பனுக்கு மாலை போட்டவராக இருப்பார். அவர்கள் துக்க வீட்டுக்கே போவதில்லை. கிராமத்து உறவினர் வீட்டுக்கு என்றால், கறுப்பைத் தேடி வாங்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.

முஸ்லிம் நண்பர்கள் வீட்டு மௌத்துக்குப் போகிற மற்ற மதத்தவர் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உடலைக் குளிப்பாட்டி வெள்ளைக் கஃபன் துணியில் பொதிந்து, தாமதிக்காமல் அடக்கம் செய்துவிடுவார்கள். அதனால் என்ன உடுத்துவது என்று யோசிக்க நேரம் இருக்காது. வந்திருப்பவர்களுக்கென்று துக்க நிறம் எதுவும் விதிக்கப்படவில்லை. கை கால் மூடிய, உடம்பைப் பிடிக்காத உடை வேண்டும். பெண்கள் சேலைத் தலைப்பாலோ துப்பட்டாவாலோ தலையை மூடிக்கொண்டு பெண்கள் இருக்கும் பகுதிக்குப் போகலாம். ஆண்கள் மையவாடி வரை கூட நடக்கலாம். ஜனாஸா தொழுகையின்போது ஒதுங்கி நின்றால் போதும். கணவரை இழந்த பெண் இத்தா இருக்கிற 4 மாதம் 10 நாளும் அலங்காரத்தைத் தவிர்ப்பார். அந்த நாட்களில் அவரைப் பார்க்கப் போகிற பெண்களும் எளிமையாகப் போவது அழகு.

கிறிஸ்தவ அடக்க ஆராதனையில் கோயிலுக்குள் உட்காரவும் எழவும் முழங்காலிடவும் வேண்டியிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் குழியருகே எல்லாரும் ஒரு பிடி மண் போடுவார்கள். மழைக்காலமென்றால் களிமண் கணுக்கால் வரை ஏறும். நிலத்தில் புரளும் சேலையும் குதிகால் உயர்ந்த செருப்பும் அங்கே தொல்லை.

செருப்பென்றதும், எங்கே போனாலும் எளிதில் கழற்றி மாட்டுகிற பழைய செருப்பே சரி. வாசலில் நூறு சோடிகளுக்கு நடுவே கிடக்கும், திரும்பக் கிடைக்காமலும் போகலாம். ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு போனவர், தண்ணீர் தெளித்த முற்றத்தில் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நூறை நெருங்கி, பேரன் பேத்தியின் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போனவரின் சாவைக் கல்யாணச் சாவு என்கிறோம். தாரை தப்பட்டையும் வெடியுமாகத் தெரு நிறையும். அங்கே நிறத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் அம்மாவுக்குத் தொண்ணூற்றைந்து வயது என்பதால் மகளுக்கு வலி குறைவாக இருக்கும் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியவர் நிறத்தை அடக்கியே உடுத்தலாம். இதற்கு நேர் எதிர், இளவயதுச் சாவும் விபத்தும். அந்த வீட்டில் யாரும் எந்தத் துணியையும் பார்க்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

வேலைக்குப் போன இடத்தில் செய்தி வந்தால் சீருடையோடே போய்விடுங்கள். பஸ் நடத்துநரின் காக்கியும் நர்ஸின் வெள்ளையும் துக்க வீட்டுக்குக் குறைவான உடைகள் இல்லை. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் உடலை எடுத்துவிட்டால், முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற வாய்ப்பு திரும்ப வராது. அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு சாதாரணத் துப்பட்டாவோ துண்டோ மடித்து வைத்திருந்தால் போதும். நெற்றியில் பெரிய பொட்டும் தலையில் பூவும் இருந்தால் வழியிலேயே எடுத்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர் மாற்றுத் துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டி வந்து சேராமல் போவதுண்டு. ஊர்ப் பெண் ஒருத்தி அப்படித் தடித்த குளிர்ச் சட்டையோடு சித்திரை வெயிலில் சுடுகாட்டு வழி வரை ஓடிவந்ததை மறக்க முடியவில்லை.

காரியம், கருமாதி, பதினாறு என்று ஊருக்கு ஒரு பெயரில் வருகிற நாளின் உடை வேறு. அன்றோடு வீடு துக்கத்திலிருந்து வெளியே வருகிறது. புதுத்துணி எடுத்துக் கொடுப்பதும் மாமன் மச்சான் தலைப்பாகை கட்டுவதும் அன்றைக்குத்தான். துவைத்துத் தேய்த்த நல்ல பருத்தி உடையில் போகலாம். நிறமும் கொஞ்சம் கூடலாம். துணி எடுத்துக் கொடுக்கிற உறவு என்றால், நம் உடையைவிட நாம் எடுத்துப்போகிற துணியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கோடி என்றால் புதுத்துணி. கணவரை இழந்தவளுக்கு அவள் பிறந்த வீட்டார் கொண்டுவருகிற கோடிச்சேலை முன்பெல்லாம் பல குடும்பங்களில் வெள்ளையாக இருந்தது. வளையலைக் கழற்றுவதும் கூந்தலைக் களைவதும் புறநானூற்றிலேயே சொல்லப்படுகிற அளவுக்குப் பழைய வழக்கங்கள். பழையது என்பதற்காக அவற்றை இன்னும் தூக்கிச் சுமக்க வேண்டுமா? பொட்டையும் பூவையும் வளையலையும் ஊர் பார்க்கப் பறிக்கிற சடங்கு எந்த வீட்டிலாவது நடந்தால், அதை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒருவராக நிற்காமல் எழுந்து வந்துவிடலாம். கோடி எடுக்கிறவர் நிறத்தில் எடுக்கலாம். அது அவர் கையில்தான் இருக்கிறது.

அப்பா இறந்த மூன்றாம் நாள் எங்கள் மாமா என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டார். துணிக்கடைக்குப் போகக் கிளம்பி நின்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆத்தா, உங்கம்மாவுக்கு என்ன கலரு புடிக்கும்?” என்று கேட்டார். தங்கச்சியோடு ஐம்பது வருஷம் பழகியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. எனக்கும் உடனே சொல்ல வரவில்லை. அம்மா அடிக்கடி கட்டுகிற சேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, “மாம்பிஞ்சுப் பச்சை மாமா” என்றேன். பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மாமா மாம்பிஞ்சுப் பச்சையில் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலையே எடுத்து வந்தார். பதினாறு முடிந்த மறுவாரம், ரேஷன் கடைக்குப் போகும்போது அம்மா அதைக் கட்டிக்கொண்டு போனாள்.